குத்துச்சண்டைத் தீர்ப்புக்கு ‘அப்பீல்’ போட்டுத் தருகிறேன் என்பவருக்குப் பணம் அனுப்பாதீர்கள்

கேள்வி: ஐயா, 2024 மே மாதம் ரியாத்தில் நடந்த ஃபியூரி - உசிக் ஹெவிவெயிட் போட்டியில், ஃபியூரி ஜெயிப்பார் என்று ஓர் ஏஜெண்ட் மூலம் 600 ரிங்கிட் பந்தயம் கட்டினேன். இரண்டு ஜட்ஜ்கள் உசிக்குக்கும் ஒருவர் ஃபியூரிக்கும் கொடுத்தார்கள். ‘தீர்ப்பு பிளவுபட்டதால் அப்பீல் இன்னும் நடக்கிறது, கடைசிக் கட்டம். முடிவு மாறினால் மூன்று மடங்கு கிடைக்கும், பெயர் பதிய 350 ரிங்கிட் அனுப்பு’ என்கிறார் ஏஜெண்ட். என் மச்சான் போன வாரம் அனுப்பிவிட்டான். நானும் அனுப்பலாமா? முடிவு மாறுமா?
- வாசகர், பட்டர்வொர்த்

பதில்: அனுப்பாதீர்கள் தம்பி. முடிவு மாறாது. மாறினாலும் உங்களுக்கு ஒரு காசு வராது. மச்சானுக்கு இன்றைக்கே போன் போடுங்கள். அவர் செய்ய வேண்டியதைக் கீழே சொல்கிறேன்.

முதலில் உங்கள் மனதை அரிக்கும் அந்த 2-1 கணக்கு. போட்டி 12 சுற்று. ஒரு சுற்றை ஜெயித்தவருக்கு 10, தோற்றவருக்கு 9. ரெஃப்ரி எண்ணும் நிலைக்குப் போனவருக்குப் பெரும்பாலும் 8. ரிங்கைச் சுற்றி மூன்று பக்கம் மூன்று ஜட்ஜ்கள் உட்கார்ந்து தனித்தனியாக எழுதுவார்கள். சுற்று முடிந்ததும் சீட்டைக் கொடுத்துவிட வேண்டும். பிறகு யோசித்துத் திருத்த வழியில்லை. அன்றைக்கு வந்த மூன்று அட்டைகள்: உசிக்குக்கு 115-112, உசிக்குக்கு 114-113, ஃபியூரிக்கு 114-113. ஒன்பதாவது சுற்றில் ஃபியூரி தள்ளாடிக் கயிற்றில் சாய்ந்தபோது ரெஃப்ரி எண்ணினாரே, போட்டியின் தலையெழுத்தே அங்கேதான் மாறியது. அந்த ஒரு புள்ளியை ஃபியூரியிடம் திருப்பிக் கொடுத்துக் கூட்டிப் பாருங்கள். ஓர் அட்டை 115-113 உசிக், இன்னொன்று 114-114, மூன்றாவது 115-113 ஃபியூரி. சண்டை டிராவாகியிருக்கும்.

அவ்வளவு நெருக்கமான போட்டி. ஆனால் நெருக்கமாக இருந்தது என்பதற்காக எவரும் தீர்ப்பைத் திரும்ப எடுக்க மாட்டார்கள். மூவரில் இருவர் ஒரு பக்கம் சாய்ந்தால் போதும், முடிந்தது. மூன்றாமவர் மாற்றிக் கொடுத்தது வழக்கு தொடுக்கக் காரணம் ஆகாது. உங்கள் ஏஜெண்ட் இந்த ஒரு குழப்பத்தை வைத்துத்தான் பிழைக்கிறார்.

இதைவிட மோசமான தீர்ப்புகளே மாறவில்லை. 1999 மார்ச் 13, நியூயார்க் மேடிசன் ஸ்கொயர் கார்டன். ஹெவிவெயிட் பட்டப் போட்டியில் லெனாக்ஸ் லூயிஸ் 348 குத்துகளை இறக்கினார், எதிராளி எவாண்டர் ஹோலிஃபீல்ட் 130. ஒரு ஜட்ஜ் லூயிஸுக்கு 116-113 கொடுத்தார், இன்னொருவர் ஹோலிஃபீல்டுக்கு 115-113, மூன்றாமவர் 115-115. டிரா! ஐந்தாவது சுற்றில் லூயிஸ் ஹோலிஃபீல்டை மூலையில் வைத்து அடித்ததை உலகமே பார்த்தது. அந்தச் சுற்றையும் ஒரு ஜட்ஜ் ஹோலிஃபீல்டுக்கே எழுதியிருந்தார். அரசு மட்டத்தில் விசாரணைகூட நடந்தது. இன்றுவரை பதிவேட்டில் அது டிராதான். நவம்பரில் லாஸ் வேகாஸில் மறுபடி மோதித்தான் லூயிஸ் ஹோலிஃபீல்டின் பெல்ட்டுகளை, அதாவது உலகப் பட்டங்களை, வாங்கினார். சின்ன எடையிலும் இதே கதை. 2012-இல் பக்கியாவ் - பிராட்லி போட்டியில் ஜட்ஜ்கள் பிராட்லிக்கு வெற்றி கொடுத்தார்கள். உலகப் பட்டம் வழங்கும் அமைப்புகளில் ஒன்றான டபிள்யூ.பி.ஓ. அதை ஐந்து பேரை வைத்து மறுபடி பார்க்கச் சொன்னது. ஐவரும் பக்கியாவ்தான் ஜெயித்தார் என்றார்கள். பிராட்லியின் வெற்றி அப்படியே நின்றது.

முடிவு மாறிய இடம் ஒன்று உண்டு. ஏஜெண்டுகள் அதைத்தான் எடுத்துக் காட்டுவார்கள் என்பதால் விவரமாகச் சொல்கிறேன். 2005 ஏப்ரலில் ஜேம்ஸ் டோனி, ஜான் ருயீஸைப் புள்ளியில் வென்று டபிள்யூ.பி.ஏ. என்ற இன்னொரு அமைப்பின் ஹெவிவெயிட் பெல்ட்டை எடுத்தார். பிறகு ஊக்கமருந்துச் சோதனையில் மாட்டினார். தீர்ப்பு ரத்தானது, பெல்ட் ருயீஸுக்கே திரும்பியது. ஆனால் நன்றாகக் கவனியுங்கள்: ஜட்ஜ்கள் தவறாக எழுதினார்கள் என்று யாரும் சொல்லவில்லை. மூன்று அட்டைகளிலும் ஓர் எண்ணைக்கூடத் தொடவில்லை. ருயீஸ் ‘ஜெயித்தார்’ என்றும் எழுதவில்லை. போட்டியே நடக்காத மாதிரி ‘நோ கான்டெஸ்ட்’ என்று போட்டார்கள். அதாவது மருந்து தீர்ப்பைக் கவிழ்த்தது, மதிப்பீடு கவிழ்க்கவில்லை. புள்ளியைக் கூட்டியதில் தப்பு என்றாலும் திருத்துவார்கள், ஆனால் அது கணக்குத் திருத்தம். ‘அந்தச் சுற்றை ஃபியூரிக்குக் கொடுத்திருக்க வேண்டும்’ என்ற வாதத்தை எடுத்துக்கொள்ள எந்த மேசையும் கிடையாது.

அப்படியே புகார் கொடுப்பதானாலும் அது வீரர் தரப்பு போன்றவர்களின் வேலை, பந்தயம் கட்டியவருடையது அல்ல. பட்டர்வொர்த்தில் பந்தயம் கட்டியவரின் பெயரைப் பதிந்துகொள்ள எந்த அமைப்பிலும் பட்டியல் இல்லை. உரிமம் பெற்று நடக்கும் வெளிநாட்டுப் பந்தய நிறுவனங்களே, ரிங்கில் அன்றிரவு அறிவித்த முடிவை வைத்துத்தான் பொதுவாகப் பணம் கொடுக்கின்றன. பிற்பாடு மாறியதைக் கணக்கில் எடுப்பதில்லை. அப்படியிருக்க, டெலிகிராமில் பெயரே தெரியாமல் இருக்கும் ஆள் மூன்று மடங்கு கொடுப்பாரா?

கோலாலம்பூரிலும் பினாங்கிலும் ஜிம் நடத்துகிறவர்கள் இந்த மாதிரி ‘அப்பீல் கடிதங்களை’ எனக்கு அனுப்பிக் காட்டுவார்கள். மேலே நாலு பெல்ட் அமைப்புகளின் சின்னமும் வரிசையாக இருக்கும். அதுவே பொய் என்பதற்குச் சாட்சி, அந்த நாலும் சேர்ந்து ஒரு கடிதம் எழுதியதை நான் பார்த்ததில்லை. கீழே கையெழுத்து, அதற்குக் கீழே ஒரு தனிமனிதரின் வங்கிக் கணக்கு எண். கேட்கும் தொகை எப்போதும் போலீசுக்குப் போகத் தோன்றாத அளவில் இருக்கும்: 200, 350, 400. அதைக் கட்டினால் அடுத்து ‘வரி’ என்பார்கள், அப்புறம் ‘பணம் விடுவிக்கும் கட்டணம்’. நண்பரைக் கூட்டி வந்தால் தள்ளுபடி என்பார்கள். உங்கள் மச்சானுக்கு இந்நேரம் இரண்டாவது மெசேஜ் வந்திருக்கும், கேட்டுப் பாருங்கள். ‘ஜட்ஜ் எனக்குத் தெரிந்தவர், அடுத்த போட்டியின் அட்டை முன்கூட்டியே கிடைக்கும்’ என்று சொல்கிறவனும் இதே கூட்டம்தான்.

எனக்குக் கோபம் வருவது அந்த அமைப்புகள் மேலும்தான். பட்டப் போட்டிக்கு வீரரின் சம்பளத்திலிருந்து 3 விழுக்காடு வரை கட்டணம் எடுக்கிறார்கள். ஒரு ஜட்ஜ் ஏன் அந்தச் சுற்றை அப்படி எழுதினார் என்று மறுநாள் இரண்டு வரி விளக்கம் கொடுக்கச் சொன்னால் மட்டும் முடியாது. ஜட்ஜ்களின் சம்பளமும் பயணச் செலவும் போட்டியை நடத்தும் புரமோட்டர் பணத்திலிருந்து வருகிறது, அதையும் மாற்ற மாட்டார்கள். முறையான மேல்முறையீடு ஒன்று இருந்து, அதன் தீர்ப்பு இணையத்தில் வெளியாகியிருந்தால், ‘அப்பீல் இன்னும் நடக்கிறது’ என்று எவனும் உங்களிடம் கதைவிட முடியாது. எத்தனை வருஷமாகச் சொல்லிக்கொண்டிருக்கிறோம்! 1975-இல் நம் மெர்டேக்கா அரங்கில் அலியும் பக்னரும் 15 சுற்று மோதியபோது மூன்று அட்டையும் அலிக்கே போனது, சிக்கல் இல்லை. எல்லாப் போட்டியும் அப்படித் தெளிவாக முடியாது என்பதற்குத்தானே ஒரு முறை வேண்டும் என்கிறோம்.

இப்போதைக்கு குத்துச்சண்டையில் இருக்கும் ஒரே மருந்து மறுபோட்டி. ஃபியூரிக்கு ஒப்பந்தத்திலேயே அது இருந்தது. 2024 டிசம்பர் 21-இல் அதே ரியாத்தில் மறுபடி மோதினார்கள். மூன்று ஜட்ஜும் உசிக்குக்கு 116-112, அதாவது எட்டுச் சுற்றுக்கு நாலு. அதையும் ஃபியூரி ஏற்கவில்லை, தான்தான் ஜெயித்தேன் என்றார். அதுவும் மாறவில்லை. மே மாதப் போட்டியின் விவகாரம் அங்கேயே முடிந்துபோனது. நடக்கிறது என்று ஏஜெண்ட் சொல்வதற்கு எதுவும் மிச்சமில்லை.

இனி பணம். உங்கள் 600 திரும்ப வராது. மலேசியாவில் பந்தய ஒப்பந்தம் செல்லாது என்று 1950-ஆம் ஆண்டு ஒப்பந்தச் சட்டத்தின் 31-ஆவது பிரிவே சொல்கிறது, ஆகவே வழக்குப் போட்டு வாங்க முடியாது. உரிமம் இல்லாத புக்கியிடம் (பந்தயப் பணம் வாங்குபவரிடம்) கட்டியது 1953-ஆம் ஆண்டு பந்தயச் சட்டப்படி உங்களுக்கே சிக்கல். நீங்கள் வாயைத் திறக்க மாட்டீர்கள் என்று ஏஜெண்ட் தைரியமாக இருப்பது இதனால்தான். ஆனால் மச்சான் அனுப்பிய 350 வேறு கதை, அது நேரடி மோசடி. 997 எண்ணுக்கு அழைத்துத் தேசிய மோசடி எதிர்ப்பு மையத்திடம் சொல்லட்டும். ஒரு வாரம் போய்விட்டது, அனுப்பிய சில மணி நேரத்தில் சொல்லியிருந்தால் பணத்தை மறிக்க நல்ல வாய்ப்பு இருந்திருக்கும். இருந்தாலும் அழைக்கட்டும், வங்கியிலும் சொல்லட்டும், போலீஸ் ரிப்போர்ட்டும் போடட்டும். அந்தக் கணக்கு எண்ணைப் போலீசாரின் ‘செமாக் மியூல்’ தளத்தில் தட்டிப் பாருங்கள், ஏற்கெனவே புகார் வந்த எண்ணா என்று தெரியும். அங்கே எதுவும் காட்டவில்லை என்பதால் நல்ல கணக்கு என்று எண்ணிவிட வேண்டாம். ரசீது, மெசேஜ், அந்தப் போலிக் கடிதம் எதையும் அழிக்காதீர்கள். பந்தயம் கட்டிய விஷயம் வெளியே வருமே என்று பயமாக இருந்தால், ரிப்போர்ட் போடுமுன் இருவரும் ஒரு வழக்கறிஞரிடம் பேசிவிடுங்கள். அதற்காக ஒரு வாரம் தள்ளிப்போட வேண்டாம், நாளைக்கே போங்கள்.