நுவரெலியாவில் பத்து வீட்டுக்கு ஒரு வீடு: தீர்மானம் மட்டும் போதுமா?

கேள்வி: நுவரெலியா நகரில் விடுமுறைத் தொடர்மாடிகள் எழும்புகின்றன. அதே நகரின் கடைகளிலும் ஹோட்டல்களிலும் வேலை செய்பவர்கள் தேயிலைத் தோட்டத்து லயத்திலிருந்து (தோட்டத் தொழிலாளர்களின் வரிசை அறைகளிலிருந்து) பஸ் ஏறி வருகிறார்கள். இல்லாவிட்டால் ஓர் அறையில் நாலு பேராக வாடகைக்கு இருக்கிறார்கள். தொடர்மாடி கட்டுகிறவர் பத்து வீட்டில் ஒன்றை இவர்களுக்குக் கட்டுப்படியான விலையில் கொடுக்க வேண்டும் என்று மாநகர சபையில் தீர்மானம் கொண்டுவர எங்கள் மக்கள் அமைப்பு முயற்சிக்கிறது. அது செல்லுமா?

பதில்: தீர்மானம் நல்ல தொடக்கம், ஆனால் அதை வைத்துக்கொண்டு ஒரு கட்டட அனுமதியையும் மறுக்க முடியாது. நகர அபிவிருத்திப் பிரதேசமாகப் பிரகடனப்படுத்தப்பட்ட இடத்தில் கட்டட அனுமதி 1978-ஆம் ஆண்டின் 41-ஆம் இலக்க நகர அபிவிருத்தி அதிகார சபைச் சட்டத்தின் கீழ் வருகிறது. அபிவிருத்தித் திட்டம் பற்றிய பிரிவுகள் 1982-இல் அதில் சேர்க்கப்பட்டவை. உங்கள் விதி அந்தத் திட்டத்துக்குள் ஒரு வலய நிபந்தனையாக ஏற வேண்டும். சபையின் கோரிக்கை அதிகார சபைக்குப் போய், வரைவு 60 நாள் பொதுமக்கள் பார்வைக்கு வைக்கப்பட்டு, அமைச்சர் அங்கீகரித்து, வர்த்தமானியில் வந்த பிறகுதான் அது கட்டுகிறவரைக் கட்டுப்படுத்தும். அந்த 60 நாளில் எழுத்தில் கருத்துக் கொடுங்கள். கட்டுமானக்காரர்களின் ஆட்சேபம் எழுத்தில்தான் வரும், உங்களுடையதும் அப்படியே இருக்கட்டும்.

சட்டத்தைவிடச் சிக்கலானது கணக்கு. மாதம் 120,000 ரூபா வரும் குடும்பம் ஒன்றை எடுத்துக்கொள்வோம். வருமானத்தில் 30 வீதத்தை, அதாவது 36,000 ரூபாவை வீட்டுக்கு ஒதுக்குகிறது. 12 வீத வட்டியில் 20 வருடக் கடன் என்றால் ஒவ்வொரு இலட்சத்துக்கும் மாதத் தவணை ஏறத்தாழ 1,101 ரூபா. ஆக அந்தக் குடும்பம் தாங்கும் கடன் 33 இலட்சத்துக்குக் கிட்ட. இப்போது 550 சதுர அடி வீடு, கட்டும் செலவு சதுர அடிக்கு 15,000 ரூபா என்று வையுங்கள்: 82.5 இலட்சம். வீட்டுக்கு 50 இலட்சம் துண்டு விழுகிறது. (செலவும் விலையும் இங்கே கணக்குக்காக வைத்தவை. உங்கள் ஊர் விலையைப் போட்டுப் பாருங்கள்.)

20 வீட்டுத் தொடர்மாடியில் இப்படி இரண்டு வீடு சேர்த்தால் துண்டு ஒரு கோடி. அதைக் கட்டுகிறவர் தலையில் மட்டும் போட்டால் அவர் வேறு ஊருக்குப் போவார், அல்லது ஹோட்டல் என்று விண்ணப்பிப்பார். அதனால்தான் பல நாடுகளில் இந்த விதியோடு கூடுதல் தளப்பரப்பு அனுமதியையும், அதாவது வழக்கமான அளவைவிட அதிகமாகக் கட்டும் உரிமையையும், சேர்த்துக் கொடுக்கிறார்கள். 800 சதுர அடிச் சந்தை வீடு ஒன்றில், காணிக்குப் புதிதாகச் செலவில்லாமல் 80 இலட்சம் மிஞ்சும் என்றால், இரண்டு மேலதிக வீடு துண்டை அடைத்து மிச்சமும் வைக்கும். இரண்டு மலிவு வீடும் இரண்டு மேலதிக வீடும் சேர்ந்து 2,700 சதுர அடி, கிட்டத்தட்ட ஒரு மாடி.

அந்த ஒரு மாடியில்தான் மலைநாட்டு விஷயம் இடிக்கும். சமதரை நகரில் மாடி ஏற்றுவது பெரும்பாலும் அனுமதித் தாளோடு முடியும் விஷயம். இங்கே சரிவும் மண்ணும் கேள்வி கேட்கும். மண்சரிவு அபாய மாவட்டங்களில் தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனத்தின் பரிந்துரை வேண்டும். 2025 நவம்பரில் டித்வா புயல் மலையகத்தைப் புரட்டிப் போட்ட பிறகு அதில் விட்டுக்கொடுப்பை எதிர்பார்க்கவும் கூடாது. ஆகவே நகரம் முழுவதற்கும் ஒரே விதி எழுதாதீர்கள். அபாயம் குறைந்த, பஸ் பாதைக்கு நடந்து போகக்கூடிய வலயங்களை மட்டும் வரைபடத்தில் குறித்து, அங்கே மாடியைக் கொடுங்கள். மாடி கொடுக்க முடியாத இடத்தில் வேறு சலுகை வேண்டும்: மலிவு வீடுகளுக்கு வாகனத் தரிப்பிட அளவைக் குறைக்கலாம், சபைக் கட்டணங்களை விடலாம். சரிவை வெட்டித் தரிப்பிடம் கட்டுவது எவ்வளவு செலவு என்று இங்கே யாருக்கும் சொல்லத் தேவையில்லை.

எந்த அளவுக் கட்டடத்திலிருந்து விதி பொருந்தும் என்ற எல்லையை வீட்டு எண்ணிக்கையில் வைக்காதீர்கள். 20 வீட்டிலிருந்து விதி என்றால் 19 வீட்டுக் கட்டடங்கள் வரும். மொத்தத் தளப்பரப்பில் வையுங்கள். ஒரே உரிமையாளரின் பக்கத்துக் காணிகளையும், ஐந்து வருடத்துக்குள் கட்டம் கட்டமாகக் கேட்கும் அனுமதிகளையும் ஒன்றாகக் கூட்டுங்கள். தமிழ்நாட்டில் சென்னைப் பெருநகர விதிகள் 10,000 சதுர மீற்றருக்கு மேற்பட்ட காணிகளில்தான் குறைந்த வருமானக்காரருக்கு 10 வீத ஒதுக்கீட்டைக் கேட்டன. நம்மூரில் காணி பேர்ச்சஸ் கணக்கில் கைமாறுகிறது. 10,000 சதுர மீற்றர் என்பது 395 பேர்ச்சஸ். அதை அப்படியே எடுத்தால் பெரும்பாலான கட்டடங்கள் விதியில் அகப்படாது.

வீட்டுக்குப் பதிலாகக் காசு கட்டலாம் என்ற வாசல் இருந்தால், தொகை உண்மையான துண்டுக்கு, மேலே சொன்ன கணக்கில் வீட்டுக்கு 50 இலட்சத்துக்கு, குறையக் கூடாது. குறைந்தால் எல்லோரும் காசைக் கட்டிவிட்டுப் போவார்கள். அந்தப் பணமும் தனிக் கணக்கில் நிற்க வேண்டும்.

கட்டுப்பாட்டுக் காலம் அடுத்தது. அமெரிக்காவின் மேரிலாந்தில் மொன்ட்கொமரி மாவட்டம் 1974-இல் இந்த முறையைத் தொடங்கியபோது விலைக் கட்டுப்பாடு ஐந்து வருடம்தான். காலம் முடிந்த வீடுகள் சந்தை விலைக்குப் போயின. பிறகுதான் காலத்தை நீட்டினார்கள். குறைந்தது 30 வருடம் வைத்து, நிபந்தனையை உறுதியிலேயே (வீட்டின் உரிமைப் பத்திரத்திலேயே) எழுதிக் காணிப் பதிவகத்தில் பதியுங்கள். சபைக் கோப்பில் மட்டும் இருந்தால் அடுத்த விற்பனையில் காணாமல் போகும். குடியிருப்பவர் அங்கேயே வசிக்க வேண்டும், ஏப்ரல் சீசனுக்கு அறையாக விடக்கூடாது என்பதும் அதே உறுதியில் இருக்கட்டும். முடிந்தால் விற்பதைவிட சபை அல்லது தேசிய வீடமைப்பு அபிவிருத்தி அதிகார சபை வாங்கி வாடகைக்கு விடுவது மேல். சம்பளப் பத்திரம் இல்லாத கடைத் தொழிலாளிக்கு வங்கிக் கடன் கிடைப்பது கஷ்டம்.

தகுதி எழுதும்போது ஒரு வரியில் கவனம் வேண்டும். "வேறு வீடு இல்லாதவர்" என்று மட்டும் எழுதினால், லயன் அறையில் இருப்பவரை வீடு உள்ளவர் என்று தள்ளிவிடலாம். லயம் அவருக்கு உறுதியுள்ள சொத்து அல்ல. "உறுதியுடன் சொந்த வீடு இல்லாதவர்" என்று எழுதுங்கள். வருமானத்துக்குக் கிராம அலுவலர் உறுதிப்படுத்தும் கடிதத்தையும் ஏற்கச் சொல்லுங்கள்.

கடைசிப் பிடி, கட்டி முடிந்ததும் கிடைக்கும் சீ.ஓ.சி. சான்றிதழில், அதாவது கட்டடம் அனுமதிப்படி கட்டப்பட்டது என்ற இணக்கச் சான்றிதழில், இருக்கிறது. மலிவு வீடுகள் முடிந்து ஒப்படைக்கப்படும் வரை மற்ற வீடுகளுக்கும் அதைக் கொடுக்கக் கூடாது என்று நிபந்தனை போடுங்கள். தொடர்மாடிப் பராமரிப்புப் பணத்தையும் தளப்பரப்பின்படி பிரிக்கச் சொல்லுங்கள். இல்லாவிட்டால் லிப்டுக்கும் நீச்சல் குளத்துக்கும் பங்கு கட்ட முடியாமலே அந்தக் குடும்பம் வெளியேறிவிடும்.