இரண்டு சாரதாக்களும் எங்கள் வீட்டுச் சித்தியும்

கேள்வி: சினிமாவிலும் சின்னத்திரையிலும் நிலைத்து நின்ற நடிகைகளில் உங்கள் மனதுக்கு மிக நெருக்கமானவர் யார்? ஏன்?

ராதிகா. யோசிக்கவே தேவையில்லை. ஆனால் 'ஏன்' என்பதற்கு எங்கள் வீட்டுக் கதையையும் கொஞ்சம் சொல்ல வேண்டும்.

அம்மா இறந்து இரண்டு வருடம் கழித்து, 1998-இல் அப்பா மறுமணம் செய்துகொண்டார். எனக்கு அப்போது ஒன்பது வயது. வீட்டுக்கு வந்தவரை 'சித்தி' என்று கூப்பிடச் சொன்னார்கள். எனக்கு வாய் வரவில்லை. சித்தி என்றால் கொடுமைக்காரி என்று கதைகளிலும் சினிமாவிலும் பார்த்துப் பழகியிருந்தேன். தெருவில் ஆளாளுக்கு என்னைப் பார்த்து 'ஐயோ பாவம்' என்றார்கள். ஒன்றரை வருடம் அவரை நான் எந்தப் பெயரிலும் கூப்பிடவில்லை. 'இங்க பாருங்க', 'அப்பா கூப்பிடுறாங்க', அவ்வளவுதான்.

1999 டிசம்பரில் சன் டிவியில் 'சித்தி' தொடங்கியது. ஏற்கெனவே பெண் குழந்தை உள்ள ஒருவருக்கு மனைவியாக, அந்தக் குழந்தைக்குச் சித்தியாக வரும் சாரதா என்ற பெண்ணின் கதை. கணவராக சிவகுமார், சாரதாவாக ராதிகா. இயக்கம் சி.ஜே. பாஸ்கர். தினா இசையில் நித்யஸ்ரீ மகாதேவன் பாடிய தலைப்புப் பாடல் இரவு 9.30 மணிக்கு ஆரம்பித்தால், எங்கள் தெருவில் ஒரு வாசலிலும் ஆள் இருக்காது. அந்தப் பாட்டைக் கேட்டுக்கொண்டே தெருமுனையிலிருந்து வீடு வரை நடக்கலாம். ஒரு வரிகூட விட்டுப்போகாது.

ஒரு நாள் அவர் கொல்லைப்புறத்தில் பாத்திரம் துலக்கிக்கொண்டிருந்தார். பாட்டு தொடங்கிவிட்டது. நான் உள்ளேயிருந்து, "சித்தி, சித்தி போட்டாச்சு!" என்று கத்தினேன். தொடரின் பெயரைத்தான் இரண்டு தடவை சொன்னேனா, அவரைத்தான் கூப்பிட்டேனா, எனக்கே தெரியவில்லை. சோப்பு நுரைக் கையோடு ஓடிவந்து நிலைப்படியில் நின்றார். பாட்டு முடிகிற வரைக்கும் டிவியைப் பார்க்கவில்லை, என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். அன்றிலிருந்து எனக்கு அவர் சித்திதான்.

ராதிகாவின் பழைய படங்களை நான் தேடித் தேடிப் பார்த்தது அதற்கப்புறம்தான். பெரும்பாலும் சித்தியோடு சேர்ந்து.

எம்.ஆர். ராதாவின் மகள், 1978-இல் பாரதிராஜாவின் 'கிழக்கே போகும் ரயில்' படத்தில் பாஞ்சாலியாக அறிமுகமானவர் என்பது எல்லோருக்கும் தெரிந்ததே. வெளிநாட்டில் படித்துவிட்டு வந்த ஒரு பெண், கிராமத்து வெயிலில் பாவாடை தாவணியோடு அவ்வளவு இயல்பாக நின்றது எனக்கு இன்றும் ஆச்சரியம். அப்புறம் தெலுங்கிலும் பெரிய நட்சத்திரமானார். 'நியாயம் காவாலி', பிறகு கே. விஸ்வநாத்தின் 'ஸ்வாதி முத்யம்'. தமிழில் 'சிப்பிக்குள் முத்து' என்று வந்ததே, அதுதான். அதில் குழந்தையோடு தனித்து நிற்கும் விதவை. கமல் நடிப்பைப் பற்றி எல்லோரும் பேசுவார்கள். எனக்கோ, எதிர்பாராமல் கழுத்தில் தாலி ஏறிய அதிர்ச்சியை முகத்தில் தாங்கி நிற்கும் ராதிகாதான் அந்தப் படத்தின் பாதி பலம்.

அவருடைய உழைப்புக்கு ஒரே ஒரு படத்தைக் காட்டு என்றால் 'கிழக்குச் சீமையிலே'யைத்தான் காட்டுவேன். 1993-இல் வந்தது. அவருக்கு அப்போது வயது முப்பதையொட்டி. புதுப்பெண்ணாக அண்ணன் வீட்டைப் பிரியும் விருமாயியும் அவர்தான், கல்யாண வயதுப் பெண்ணுக்குத் தாயாக, அண்ணனுக்கும் புருஷனுக்கும் நடுவில் நசுங்கும் விருமாயியும் அவர்தான். கதாநாயகியாக வலம் வந்த ஒருவர் வயதான தாயாக நிற்கத் தயங்குவதே வழக்கம். அவர் தயங்கவில்லை. நடையும் குரலும்கூட அதில் மூப்படைந்திருக்கும். விஜயகுமாரைப் பார்த்து அவர் 'அண்ணே' என்னும் இடங்களில் எங்கள் சித்தி முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொள்வார். சித்தியின் அண்ணன்மார் இரண்டாம் தாரமாகக் கட்டிக்கொடுத்ததோடு சரி, பிறகு எட்டிப் பார்க்கவில்லை.

என்னை அதிகம் உலுக்கியது வேறொரு படம், வசந்த் இயக்கிய 'கேளடி கண்மணி' (1990). மனைவியை இழந்த எஸ்.பி. பாலசுப்ரமணியம், அவருக்கு ஒரு பெண் குழந்தை. அவர் விரும்பும் பெண்ணாக ராதிகா. அந்தக் குழந்தை ஒத்துக்கொள்ளாததால் கல்யாணம் நின்றுபோகும். அதிலும் ராதிகாவின் பெயர் சாரதாதான்! ஒன்பது வருடம் கழித்து சின்னத்திரையில் வந்த சாரதா, ஒரு குழந்தைக்குச் சித்தியாகவே ஆகிவிட்டாள். யாராவது திட்டமிட்டு வைத்த பெயரோ, தற்செயலோ, எனக்கு அது பெரிய விஷயம். முதல் சாரதாவை வேண்டாம் என்று சொன்ன குழந்தை நான்தான் என்று நினைத்துக்கொண்டு அன்று இரவு அழுதிருக்கிறேன்.

சரி, நடிப்பை மட்டும் சொல்லி நிறுத்தினால் பாதி ராதிகாவைத்தான் சொன்னதாக ஆகும். 1985-இலேயே 'மீண்டும் ஒரு காதல் கதை' படத்தைத் தயாரித்து, மனவளர்ச்சி குன்றிய பெண்ணாக நடித்தும் இருக்கிறார். பிரதாப் போத்தன் இயக்கிய முதல் படம் அது; அறிமுக இயக்குநருக்கான தேசிய விருதும் பெற்றது. பிறகு 1994-இல் ராடான் என்ற சொந்தத் தயாரிப்பு நிறுவனம். சினிமாவில் வாய்ப்புக் குறைந்தால் சீரியலுக்குப் போவார்கள் என்று அந்த நாளில் ஒரு இளக்காரப் பேச்சு உண்டு. இவர் அங்கே வேலை தேடிப் போகவில்லை, தன் சொந்த நிறுவனத்தோடு போனார். 'சித்தி' முடிந்ததும் 'அண்ணாமலை', 'செல்வி', 'அரசி', 'செல்லமே', இரட்டை வேடத்தில் 'வாணி ராணி' என்று 2018 வரை ஏறத்தாழ இருபது வருடம். எல்லாமே ஒரே தரம் என்று சொல்ல மாட்டேன், சில கதைகளை ரொம்பவே இழுத்தார்கள். ஆனாலும் வாரம் ஐந்து நாள் நடித்துக்கொண்டு, அந்த நிறுவனத்தையும் நடத்துவது லேசுப்பட்ட காரியமா?

2020 ஜனவரியில் கலர்ஸ் தமிழில் அவர் நடத்திய 'கோடீஸ்வரி' நிகழ்ச்சியை நானும் சித்தியும் பார்த்தோம். சித்திக்கு அப்போது முட்டி வலி, தரையில் உட்கார முடியாது. நாற்காலி போட்டுக் கொடுத்திருந்தேன். காது கேளாத, வாய் பேச முடியாத மதுரைப் பெண் ஒருவர் ஒரு கோடி ரூபாய் வென்றார். சித்தி ரொம்ப நேரம் பேசவில்லை. அப்புறம் மெதுவாக, "கேளடி கண்மணில ராதிகாவுக்கு அப்பா அம்மா ரெண்டு பேருமே வாய் பேசாதவங்கதான, ஞாபகம் இருக்கா?" என்று கேட்டார்.

இருக்கிறது என்றேன். மறுநாளே அந்தப் படத்தைத் தேடி எடுத்து இன்னொரு தடவை போட்டோம்.