விவாகரத்துச் செலவு: வாசகர் கேள்விகளுக்குப் பதில்கள்

கேள்வி: மொத்தம் எவ்வளவு செலவாகும் என்று கேட்டால், “இப்போதே சொல்ல முடியாது” என்கிறார் வக்கீல். எதையாவது மறைக்கிறாரா?

அப்படிச் சந்தேகப்பட வேண்டாம். மனு தயாரிப்பது, நீதிமன்றக் கட்டணம், சம்மன் அனுப்புவது ஆகியவற்றின் செலவை அவரால் முன்கூட்டியே சொல்ல முடியும். மொத்தச் செலவில் அவை சிறு பகுதிதான். குழந்தை யாரிடம் வளர்வது, ஜீவனாம்சம் எவ்வளவு, சொத்தை எப்படிப் பிரிப்பது என்று ஒத்துப்போகாத விஷயங்கள்தான் பணத்தைக் கரைக்கின்றன. ஒவ்வொன்றுக்கும் தனி மனு, பதில் மனு, ஆவணம், சாட்சி, வாய்தா என்று வேலை பெருகும். எதிர்த்தரப்பு எதை ஏற்கும், எதை எதிர்க்கும் என்பது உங்கள் வக்கீலுக்கும் தெரியாது.

அதனால் மொத்தத் தொகையைக் கேட்காமல் கட்டம் கட்டமாகக் கேளுங்கள். மனுத் தாக்கல் வரை எவ்வளவு, இடைக்கால மனு (வழக்கு நடக்கும்போதே தற்காலிக உத்தரவு கேட்பது) ஒன்றுக்கு எவ்வளவு, சமரசப் பேச்சுக்கு எவ்வளவு, சாட்சி விசாரணை வரை போனால் எவ்வளவு? முன்பணத்தில் மீதி இருந்தால் திரும்பக் கிடைக்குமா? வாய்தா தள்ளிப்போன நாளுக்கும் ஃபீஸ் உண்டா? மேல்முறையீடு தனியா? பதில்களை எழுத்தில் வாங்குங்கள். கொடுக்கும் ஒவ்வொரு தொகைக்கும் ரசீது வாங்குங்கள். இதைக் கேட்டால் வக்கீல் கோபிப்பார் என்று பலர் தயங்குகிறார்கள். ஒழுங்காகத் தொழில் செய்பவர் கோபிக்க மாட்டார்.

மணிக்கணக்கில் ஃபீஸ் வாங்குபவர் என்றால், குறைந்தபட்சம் எத்தனை நிமிடமாகக் கணக்கிடுகிறார் என்பதையும் கேளுங்கள். நான்கு நிமிடம் வீதம் 10 முறை போனில் பேசினால் உண்மையில் ஆனது 40 நிமிடம். ஆறு நிமிட அலகில் அது 60 நிமிடமாகும்; 15 நிமிட அலகில் இரண்டரை மணி நேரமாகிவிடும். கேள்விகளை எழுதி வைத்துக்கொண்டு வாரம் ஒரு முறை சேர்த்துக் கேட்டாலே இதில் பெரும்பகுதி மிச்சமாகும். மனக்குமுறலைக் கொட்டுவதற்காக வக்கீலை அழைக்காதீர்கள். அதற்கு நண்பரோ மனநல ஆலோசகரோ வேண்டும். அந்த உதவி அவசியமும்கூட.

கேள்வி: இருவரும் சம்மதித்தே பிரிகிறோம். ஒரே வக்கீல் போதாதா?

மனுவை ஒருவரே தயாரிக்கலாமா என்பது உங்கள் நாட்டுச் சட்டத்தைப் பொறுத்தது. ஆனால் இருவர் நலனும் மோதும் இடத்தில் ஒரே வக்கீல் இரண்டு பேருக்கும் ஆலோசனை சொல்ல முடியாது. சிக்கனமான வழி ஒன்று உண்டு: சமரசகர் ஒருவரின் உதவியோடு இருவரும் பேசி முடித்து, ஒப்பந்த வரைவை மட்டும் ஆளுக்கொரு வக்கீலிடம் காட்டிக் கையெழுத்திடுவது. முழு வழக்குக்கு ஆகும் நேரத்தோடு ஒப்பிட்டால் அதற்கு ஆவது சில மணி நேரமே. அந்தச் சில மணி நேரத்தையும் மிச்சம் பிடிக்க நினைத்துத்தான் பலர் மாட்டிக்கொள்கிறார்கள். “பள்ளிச் செலவை இருவரும் ஏற்க வேண்டும்” என்று மட்டும் எழுதிவிட்டு, எந்த விகிதத்தில், எந்த வயது வரை, டியூஷனும் விடுதிக் கட்டணமும் சேருமா என்பதை விட்டுவிடுவார்கள். பிறகு அதற்கே இன்னொரு வழக்கு.

அடி, மிரட்டல், பயம் இருந்த வீடு என்றால் இந்தப் பதில் உங்களுக்கு அல்ல. எதிரே உட்கார்ந்து பேசி முடிக்கச் சொல்லி யாரும் உங்களைக் கட்டாயப்படுத்த இடம் தராதீர்கள். முதலில் பாதுகாப்பு உத்தரவு. செலவுக் கணக்கு அதற்குப் பிறகு.

கேள்வி: வீட்டை நான் எடுத்துக்கொள்கிறேன், சேமிப்பை அவர் எடுத்துக்கொள்ளட்டும் என்று நினைக்கிறேன். சரியா?

கையெழுத்துப் போடும் முன் கணக்குப் போடுங்கள். வீட்டின் மதிப்பு 100, கடன் பாக்கி 60 என்றால் உங்கள் கைக்கு வருவது 40. நாளை விற்க நேர்ந்து தரகுக்கும் வரிக்கும் 6 போனால் 34. அவருக்குப் போகும் 40 ரொக்கச் சேமிப்பு என்றால், இரண்டும் சமம் இல்லை. தவணை, பராமரிப்பு, சொத்து வரி எல்லாவற்றையும் உங்கள் ஒரு சம்பளத்தில் கட்ட முடியுமா என்பதையும் பாருங்கள். பிள்ளைகள் வளர்ந்த வீட்டை விட மனம் வராது, புரிகிறது. ஆனால் இரண்டு வருடத்தில் அவசரமாக விற்க நேர்ந்தால் இழப்பு இன்னும் கூடலாம்.

கூட்டுக் கடன் இன்னும் ஆபத்தானது. “கடனை அவர் கட்டுவார்” என்று நீங்கள் இருவரும் எழுதிக்கொண்டது வங்கியைக் கட்டுப்படுத்தாது. அவர் கட்டத் தவறினால் வங்கி உங்களிடம்தான் வரும். கடனை அவர் பெயருக்கு மட்டும் மாற்றி, உங்களை விடுவித்ததாக வங்கியிடமிருந்தே கடிதம் வாங்குங்கள். சொத்து மதிப்பில் தகராறு என்றால் ஆளுக்கொரு மதிப்பீட்டாளரை வைக்காதீர்கள். இருவருக்கும் பொதுவாக ஒருவரை அமர்த்திக் கட்டணத்தைப் பகிருங்கள்.

கேள்வி: வருமானம் முழுவதும் கணவர் கையில். வழக்கு நடத்த என்னிடம் பணமே இல்லை.

பணம் இல்லை என்பதற்காக அவர் நீட்டும் பேப்பரில் கையெழுத்துப் போட்டுவிடாதீர்கள். வழக்கு முடியும்வரை இடைக்கால ஜீவனாம்சமும், வழக்குச் செலவுக்கு ஒரு தொகையும் கேட்க பல நாடுகளின் சட்டத்தில் இடம் உண்டு. முதல் மனுவோடு சேர்த்தே கேளுங்கள். இலவசச் சட்ட உதவிக்குத் தகுதி உண்டா என்றும் விசாரியுங்கள். குடும்ப வருமானத்தைப் பார்க்கிறார்களா, உங்கள் வருமானத்தை மட்டுமா என்பதைக் குறிப்பாகக் கேளுங்கள்.

அவர் வருமானத்தை நிரூபிக்க சம்பளச் சீட்டு, வரிக் கணக்கு, பேங்க் ஸ்டேட்மென்ட், காப்பீட்டுப் பத்திரம், கடன் ஆவணம் என உங்கள் கைக்கு நியாயமாக எட்டுவதையெல்லாம் நகல் எடுத்து, தேதி வாரியாக அடுக்கிக் கொடுங்கள். கலைந்த காகிதக் கட்டைக் கொடுத்தால் அதைப் பிரித்து அடுக்கும் நேரத்துக்கும் நீங்கள்தான் பணம் கட்டுவீர்கள். அவருடைய போனையோ மின்னஞ்சலையோ ரகசியமாகத் திறக்காதீர்கள். பல இடங்களில் அது குற்றம். அவர் ஆவணங்களை மறைத்தால், அவற்றைத் தாக்கல் செய்ய உத்தரவிடும்படி நீதிமன்றத்திடம் கேட்கலாம்.

கேள்வி: வழக்குக்கு முன்பே சொத்தைத் தம்பி பெயருக்கு மாற்றிவிடலாமா?

கூடாது. பங்கு தராமல் இருக்கச் செய்த மாற்றம் என்று தெரிந்தால் நீதிமன்றம் அதைச் செல்லாததாக்கலாம். எதிர்த்தரப்பின் வழக்குச் செலவையும் உங்கள் தலையில் போடலாம். அதன் பிறகு நீங்கள் சொல்லும் உண்மையான கணக்கையும் நம்ப மாட்டார்கள்.