முதல் பைக், அதுவும் பழையது: எதில் கை வைக்கலாம், எதை விட்டுவிடலாம்?

கேள்வி: எட்டு வருடம் ஓடிய 150 சிசி பைக் ஒன்றை வாங்கியிருக்கிறேன். இதுதான் என் முதல் பைக். சின்னச் சின்ன வேலைகளையாவது நானே செய்யக் கற்றுக்கொள்ள ஆசை. ஆனால் இதுவரை ஸ்பேனர் பிடித்ததே இல்லை. எங்கே தொடங்குவது? எதைத் தொடாமல் இருப்பது நல்லது?

பதில்: முதலில் உங்கள் மாடலுக்கான கையேட்டைத் தேடிப் பிடியுங்கள். நான் இங்கே சொல்லும் அளவுகள் பொதுவானவை. கையேட்டில் வேறு அளவு இருந்தால் அதையே பின்பற்றுங்கள்.

அடுத்து, ஒரு வாளித் தண்ணீரும் பழைய துணியும் எடுத்துக்கொண்டு பைக்கை நீங்களே கழுவுங்கள். இதைச் சாதாரண வேலை என்று நினைக்க வேண்டாம். துடைத்துக்கொண்டே போகும்போதுதான் என்ஜின் அடியில் ஆயில் கசிந்திருப்பதும், எங்கோ ஒரு போல்ட் ஆடுவதும், டயரின் பக்கவாட்டில் வெடிப்பு விட்டிருப்பதும் கண்ணில் படும். டயரைத் துடைக்கும்போது அதன் பக்கத்தில் உள்ள நான்கு இலக்க எண்ணையும் பாருங்கள். 3218 என்று இருந்தால் அது 2018ஆம் ஆண்டின் 32ஆவது வாரத்தில் தயாரான டயர். பட்டன் (டயரின் வரிப்பள்ளம்) எவ்வளவு ஆழமாக இருந்தாலும், வெடிப்பு விட்ட டயரை மாற்றிவிடுங்கள். காற்றழுத்தத்தை எப்போதும் வண்டி ஓடாமல் டயர் குளிர்ந்திருக்கும்போதுதான் பார்க்க வேண்டும்.

கற்றுக்கொள்ள மிகச் சிறந்த இடம் செயின்தான். செயின் வெளியே தெரிவதாக இருந்தால் வண்டியை சென்டர் ஸ்டாண்டில் நிறுத்தி, கியரை நியூட்ரலில் வைத்து, சாவியை எடுத்துவிடுங்கள். முன், பின் ஸ்பிராக்கெட்டுகளுக்கு (செயின் ஓடும் பல்சக்கரங்களுக்கு) நடுவே, கீழ்ப்பக்கச் செயினை விரலால் மேலும் கீழும் தள்ளிப் பாருங்கள். இந்த ரகப் பைக்குகள் பலவற்றில் மொத்த ஆட்டம் 20 முதல் 30 மில்லிமீட்டர் வரை இருக்க வேண்டும். பின்சக்கரத்தைக் கையால் கொஞ்சம் கொஞ்சமாகச் சுற்றி, நான்கைந்து இடங்களில் இதேபோல் பாருங்கள். பழைய செயினில் ஓரிடத்தில் இறுக்கமும் இன்னோர் இடத்தில் தொய்வும் இருக்கும். இறுக்கமான இடத்தை வைத்துத்தான் அளவைச் சரிசெய்ய வேண்டும். வித்தியாசம் மிக அதிகம் என்றால் அந்தச் செயினின் காலம் முடிந்துவிட்டது. அப்போது இரண்டு ஸ்பிராக்கெட்டுகளையும் சேர்த்தே மாற்றுங்கள். தேய்ந்த பல்லில் புதுச் செயினைப் போட்டால் அதுவும் சீக்கிரமே தேய்ந்துவிடும்.

தொய்வைக் கண்டால் நன்றாக இறுக்கிவிடலாம் என்றுதான் புதியவர்களுக்குத் தோன்றும். அதுதான் ஆபத்து. பெரும்பாலான பைக்குகளில் ஆள் ஏறி உட்கார்ந்து, பள்ளத்தில் இறங்கி, சஸ்பென்ஷன் அமுங்கும்போது செயின் மேலும் இறுகும். அதற்கு இடம் விடாவிட்டால் கியர்பாக்ஸ் பேரிங் அடிவாங்கும்.

சரிசெய்யும்போது ஆக்ஸில் (பின்சக்கரத்தின் அச்சு) நட்டைத் தளர்த்தி, இருபுறமும் உள்ள அட்ஜஸ்டர்களைச் சம அளவில் திருப்புங்கள். ஸ்விங்ஆர்மில், அதாவது பின்சக்கரத்தைப் பிடித்திருக்கும் கையில், இருக்கும் கோடுகள் இரண்டு பக்கமும் ஒத்திருக்க வேண்டும். ஒத்துப்போகாவிட்டால் சக்கரம் கோணலாக நிற்கும். ஆக்ஸிலை இறுக்கியபின் தொய்வை மறுபடி அளந்து பாருங்கள், இறுக்கும்போது அளவு மாறிவிடும். பின்னால் டிரம் பிரேக் என்றால் இன்னொரு வேலையும் உண்டு. சக்கரம் பின்னால் நகர்ந்ததால் பிரேக் பெடலின் ஆட்டம் மாறியிருக்கும். அதையும், பிரேக் விளக்கு சரியான நேரத்தில் எரிகிறதா என்பதையும் பார்த்தபின்தான் வண்டியை எடுக்க வேண்டும்.

செயினைச் சுத்தம் செய்ய மண்ணெண்ணெயும் மென்மையான பிரஷ்ஷும் போதும், கம்பி பிரஷ் வேண்டாம். காய்ந்தபின் செயினின் உட்பக்கத்தில் லூப் (செயினுக்கான மசகு) அடியுங்கள். பின்பக்கம் டிஸ்க் இருந்தால் அதில் ஒரு துளிகூடப் படக்கூடாது. என்ஜினை ஓடவிட்டு, கியரில் போட்டு, சுற்றும் செயினில் துணியைப் பிடிப்பவர்களைப் பார்த்திருக்கிறேன். தயவுசெய்து நீங்கள் அப்படிச் செய்யாதீர்கள். துணி சிக்கினால் விரலும் உள்ளே போய்விடும்.

இரண்டாவது வேலை ஆயில் மாற்றுவது. விற்றவர் "இப்போதுதான் மாற்றினேன்" என்று சொல்லியிருந்தாலும் ஒருமுறை மாற்றிவிட்டு, ஓடோமீட்டர் எண்ணை எழுதிவையுங்கள். அடுத்த ஆயிலுக்கு இனி நீங்களே கணக்கு வைத்துக்கொள்ளலாம். உங்கள் பைக்கில் கிளட்ச் ஆயிலிலேயே ஊறிக்கிடக்கும். அதனால் டப்பாவில் ஜேஏஎஸ்ஓ எம்ஏ (JASO MA) அல்லது எம்ஏ2 (MA2) என்று இருக்கும் ஆயிலாகப் பார்த்து வாங்குங்கள். காருக்கான சில ஆயில்களில் உராய்வைக் குறைக்கும் பொருள்கள் இருக்கும், அவற்றால் கிளட்ச் வழுக்கும்.

இதில் உண்மையான பாடம் அடியில் உள்ள வடிகால் போல்ட்தான். நான் முதன்முதலில் ஆயில் மாற்றியபோது கசிந்துவிடுமோ என்ற பயத்தில் அந்தப் போல்ட்டை முழு பலத்தோடு இறுக்கினேன். திடீரென்று ஸ்பேனர் இலகுவாகச் சுற்றத் தொடங்கியது. அலுமினிய மரை போய்விட்டிருந்தது. எனவே போல்ட்டை முதல் நான்கு சுற்று விரலாலேயே ஏற்றுங்கள். விரலுக்குத் தடை தெரிந்தால் மரை ஏறவில்லை என்று அர்த்தம், கழற்றி மறுபடி ஏற்றுங்கள். வாஷரைப் புதிதாகப் போடுங்கள். டார்க் ரெஞ்ச் (எவ்வளவு இறுக்குகிறோம் என்று அளவு காட்டும் ஸ்பேனர்) வாங்க முடிந்தால் கையேட்டில் சொன்ன அளவுக்கு இறுக்குங்கள். இறுக்கம் எப்படி இருக்க வேண்டும் என்பது உங்கள் கைக்கும் அதிலிருந்தே பழகிவிடும்.

ஸ்பார்க் பிளக், ஏர் ஃபில்டர், கிளட்ச் கேபிள் ஆகியவற்றையும் நீங்களே பார்க்கலாம். பிளக்கை மட்டும் என்ஜின் நன்றாக ஆறியபின் கழற்றுங்கள்.

தொடக்கூடாதது பிரேக். பேட் எவ்வளவு மிச்சம் இருக்கிறது, பிரேக் ஆயில் மட்டம் எங்கே இருக்கிறது என்று வாரம் ஒருமுறை கண்ணால் பாருங்கள். ஆனால் காலிபரையும் (பேட்களை டிஸ்க்கில் அழுத்தும் பாகம்) பிரேக் ஆயில் குழாயையும் இப்போது திறக்க வேண்டாம். பிரேக் ஆயில் காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சும் என்பதால் இரண்டு ஆண்டுக்கு ஒருமுறை மாற்ற வேண்டும். உங்கள் பைக்கில் எப்போது மாற்றினார்கள் என்று தெரியாவிட்டால் மெக்கானிக்கிடம் கொடுத்து உடனே மாற்றுங்கள். ஹேண்டில்பார் பேரிங், வால்வ் இடைவெளி இரண்டையும்கூட அவரிடமே விடுங்கள். வண்டியை விட்டுவிட்டு வந்துவிடாமல், அவர் அனுமதித்தால் பக்கத்திலேயே நின்று பாருங்கள். வால்வ் பார்க்கும்போது, இடைவெளியை அளக்கும் மெல்லிய தகடான ஃபீலர் கேஜை ஒருமுறை உங்கள் கையில் தரச் சொல்லுங்கள். அளவு சரியாக இருந்தால் அந்தத் தகடு தடையில்லாமலும் போகாது, சிக்கவும் செய்யாது, லேசாக உரசிக்கொண்டே நகரும். அந்த உரசலை எழுத்தில் விளக்கிப் புரியவைக்க முடியாது, விரலால்தான் உணர முடியும்.