துன்பியல் நாடகங்கள் நாயகர்களின் மனப்போராட்டத்தை எவ்வாறு வெளிப்படுத்துகின்றன? தனிமொழியைத் தவிர வேறு வழி உண்டா?

உண்டு. இந்தக் கேள்விக்குப் பெரும்பாலும் "தனிமொழி வழியாக", அதாவது பாத்திரம் மேடையில் தனியே நின்று தன் எண்ணங்களைப் பேசுவதன் வழியாக, என்ற ஒற்றை விடையே கிடைக்கிறது. நீங்கள் தேர்வுக்கோ கட்டுரைக்கோ இதைக் கேட்கிறீர்கள் என்றால், உங்கள் கையில் இருக்கும் வழிகாட்டி நூலும் அதைத்தான் சொல்லும். தனிமொழியின் பெருமையை நான் குறைக்கவில்லை. ஆனால் தனிமொழியில் ஒரு பாத்திரம் தன்னைப் பற்றித் தான் நம்ப விரும்புவதைத்தான் சொல்கிறது. அது உண்மையா என்பதை அறிய, அடுத்து அப்பாத்திரம் யாரிடம் எதை மறைக்கிறது, எந்தக் காரியத்தை முன்னே செய்கிறது, எதைத் தள்ளிப்போடுகிறது என்று பார்க்க வேண்டும். நான் பேராசிரியன் அல்லன், கிரேக்க மொழியும் அறியேன். மொழிபெயர்ப்புகளைப் படித்தும் சிறு வேடங்களில் நடித்தும் கற்றுக்கொண்டதை வைத்தே எழுதுகிறேன்.

அரிஸ்டாட்டில் தமது கவிதையியலில், பேசுபவன் எதைத் தேர்கிறான், எதை விலக்குகிறான் என்பது தெரியாத பேச்சில் குணம் வெளிப்படுவதில்லை என்கிறார். அவர் முன்னே இருந்த அரங்கை நினைத்தால் இதன் பொருத்தம் விளங்கும். கிரேக்க நடிகர்கள் முகமூடி அணிந்து நடித்தார்கள். பேசும் வேடங்கள் அனைத்தையும் பொதுவாக மூன்று பேரே பகிர்ந்துகொண்டார்கள். கண் கலங்குவதும் உதடு துடிப்பதும் அங்கே பயன்படாது. மனத்துக்குள் நடக்கும் சண்டை முழுவதும் சொல்லிலும் செயலின் வரிசையிலும் தெரிந்தாக வேண்டும்.

ஷேக்ஸ்பியரின் மேக்பெத்தை எடுத்துக்கொள்ளுங்கள்; அரியணைக்காக அரசன் டங்கனைக் கொல்ல நினைப்பவன் அவன். முதல் அங்கத்தின் ஏழாம் காட்சியில் தனியே நிற்கும்போது, டங்கன் தன் உறவினன், தன் அரசன், தன் வீட்டுக்கு வந்த விருந்தாளி என்றும், கொலைகாரன் நுழையாமல் கதவை அடைக்க வேண்டிய தானே கத்தியை ஏந்தலாமா என்றும் அவன் தன்னையே கேட்டுக்கொள்கிறான். மனைவி வந்ததும் இந்தக் காரியத்தில் மேலே போக வேண்டாம் என்கிறான். ஆனால் அவளிடம் அவன் சொல்லும் காரணம் வேறு: அரசன் அண்மையில்தான் தனக்குச் சிறப்புச் செய்திருக்கிறான், மக்கள் தன்னைப் புகழ்கிறார்கள், அந்தப் புகழை அதற்குள் உதறிவிடக் கூடாது. உறவைப் பற்றியோ விருந்தாளியைப் பற்றியோ ஒரு சொல்லும் இல்லை. நல்ல காரணத்தை உள்ளே பூட்டிவிட்டு மலிவான காரணத்தை வெளியே வைக்கிறான். மலிவான காரணத்தை அவள் எளிதாக உடைத்துவிடுகிறாள். தனிமொழியை மட்டும் மனப்பாடம் செய்பவர்களுக்கு இந்த இடைவெளி தெரியாமலே போய்விடுகிறது.

இனி, இந்தக் கேள்வியைக் கண்டதும் நான் எழுத உட்கார்ந்ததற்கான காரணத்துக்கு வருகிறேன். கிரேக்க நாடகாசிரியர் சோஃபக்ளீஸின் ஆன்டிகனி நாடகத்தை ஒரு குழு மேடையேற்றியபோது எனக்குத் தூதுவன் வேடம் கிடைத்தது. தூதுவன் என்றால் மேடைக்கு வெளியே நடந்ததை வந்து ஒப்பித்துவிட்டுப் போகிறவன் என்பதே குழுவில் எல்லோருடைய எண்ணமும். கதையைச் சுருக்கமாக நினைவூட்டிவிடுகிறேன். நகரத்தின் மேல் படையெடுத்து வந்து மாண்ட பாலினீசஸின் உடலை யாரும் அடக்கம் செய்யக் கூடாது என்று அரசன் கிரேயோன் ஆணையிடுகிறான். இறந்தவனின் தங்கை ஆன்டிகனி அந்த ஆணையை மீறுகிறாள்; கிரேயோன் அவளை உயிரோடு ஒரு கற்குகையில் அடைக்கிறான். அவள் அவனுடைய மகன் ஹேமோனுக்கு நிச்சயிக்கப்பட்டவள். குருட்டு ஞானி டைரீசியஸ் வந்து, பலிபீடங்கள் தீட்டுப்பட்டுவிட்டன, உன் வீட்டிலேயே ஒரு பிணம் விழும் என்று எச்சரித்துப் போன பிறகு, அதுவரை ஆன்டிகனி விஷயத்தில் எவர் சொல்லுக்கும் இணங்காத கிரேயோன் நடுங்கிப்போய், நான் என்ன செய்ய வேண்டும், சொல்லுங்கள், கேட்கிறேன் என்று முதியோர் குழுவிடம் நிற்கிறான். அவர்கள் தெளிவாகச் சொல்கிறார்கள்: போய் அந்தப் பெண்ணைக் குகையிலிருந்து விடுவி, பிறகு இறந்தவனுக்குக் கல்லறை எழுப்பு. அடைத்தவன் நான், விடுவிப்பவனும் நானே என்று சொல்லிவிட்டு அவன் விரைகிறான்.

அடுத்து நடந்ததைச் சொல்பவன் தூதுவன். கிரேயோன் நேரே குகைக்குப் போகவில்லை. நாய்கள் குதறிக் கிடந்த பாலினீசஸின் உடலிடம் முதலில் போகிறான். தெய்வங்களை வேண்டி, உடலைக் கழுவி, புதிதாக ஒடித்த கிளைகளை வைத்து எரியூட்டி, தாய்மண்ணால் உயர்ந்த மேடு எழுப்பி, அதன் பிறகுதான் குகைக்குத் திரும்புகிறான். அதற்குள் ஆன்டிகனி தூக்கிட்டுக்கொண்டுவிட்டாள்; அவளைக் கட்டிக்கொண்டு கதறும் ஹேமோன் தந்தையின் முகத்தில் உமிழ்ந்து, அவன் மீது வாளை வீசி, அது தவறவே தன்னையே குத்திக்கொள்கிறான்.

எங்கள் இயக்குநர் நாடகத்தின் நீளத்தைக் குறைப்பதற்காக அடக்கம் செய்த பகுதியை முழுவதும் நீக்கிவிட்டார். குகையில் நடந்தவைதாம் பார்வையாளருக்கு வேண்டும், பிணத்தைக் கழுவிய கதை யாருக்கு வேண்டும் என்பது அவர் வாதம். அந்த வரிகளில்தான் கிரேயோனின் மனம் இருக்கிறது என்று நான் சொன்னபோது, தன் வசனம் குறைந்துவிட்ட நடிகனின் புலம்பலாகவே அதை எடுத்துக்கொண்டார்கள். வசனம் குறைந்த வருத்தமும் இருந்தது. அதனால் என் வாதம் பொய்யாகிவிடாது. வாக்குக் கொடுத்தவன் ஏன் வரிசையை மாற்றினான்? தெய்வங்களின் கோபம் பிணத்தைப் பற்றியது. அதைச் சரிசெய்தால் தான் இன்னும் அரசனாகவே நிற்கலாம். குகைக்குப் போனாலோ, தன்னை எதிர்த்து நின்ற ஓர் இளம்பெண்ணின் முகத்தைப் பார்த்து, தோற்றவனாகக் கதவைத் திறந்துவிட வேண்டும். முடிவு மாறிவிட்டது என்று வாய் சொன்ன பிறகும் கால்கள் பழைய பெருமையின் பக்கமே நடந்தன. இவ்வளவையும் சோஃபக்ளீஸ் கிரேயோனைப் பேசவைக்காமல், மூன்றாம் மனிதன் ஒருவனின் வாக்குமூலத்தில் வைத்திருக்கிறார்.

கடைசியில் எனக்குத் துணைவந்தவர் கிரேயோனாக நடித்தவர்தான். மகனின் உடலோடு மீண்டும் மேடைக்கு வரும் காட்சியை ஒத்திகை பார்க்கும்போது, "இவ்வளவு நேரம் நான் எங்கே இருந்தேன்? உடனே ஓடியவன் எப்படித் தாமதமானேன்?" என்று அவர் கேட்டார். இயக்குநரிடம் பதில் இல்லை. இரண்டு வாக்கியங்கள் மட்டும் திரும்பி வந்தன. அவற்றுக்குப் பிறகு அந்த நடிகர், விடுவிப்பவனும் நானே என்ற வரியை வீராவேசமாகச் சொல்வதை விட்டுவிட்டு, தன்னைத் தானே நம்பவைப்பவரைப் போலச் சற்று வேகமாகச் சொல்லத் தொடங்கினார். நிகழ்ச்சித் தாளில் என் பெயர் "மற்றும் பலர்" என்பதற்குள் அடங்கிப்போனது என்பதையும் இங்கே பதிவு செய்துவிடுகிறேன். தூதுவர்களைப் பலராக எண்ணும் வழக்கம் எல்லாக் குழுக்களிலும் இருக்கிறது போலும்.

கதையில் தாமதம் தேவைப்பட்டது, அதனால் ஆசிரியர் வரிசையை மாற்றினார், இதில் உளவியல் தேடுவது மிகை என்று சிலர் சொல்வார்கள். தாமதத்துக்கு வேறு எத்தனையோ வழிகள் உண்டு. முதியோர் வாயால் ஒரு வரிசையைத் தெளிவாகச் சொல்லவைத்துவிட்டு, சற்று நேரத்திலேயே அதைத் தலைகீழாக்கிக் காட்டுவது தற்செயலாக நிகழ்வதன்று. கிரேயோன் நாயகனே அல்லன் என்று சிலர் சண்டைக்கு வருவார்கள். அந்த வழக்கு பழையது, நான் அதில் தீர்ப்பு சொல்லப்போவதில்லை. நாடகம் முடிவதற்கு வெகுமுன்பே ஆன்டிகனி மேடையை விட்டுப் போய்விடுகிறாள், உடைந்து நிற்பதை நாம் இறுதிவரை பார்ப்பது கிரேயோனைத்தான்.

அப்படியானால் வெளிப்படையாகப் பேசும் பாத்திரங்கள் இல்லையா என்றால், இன்னொரு கிரேக்க நாடகாசிரியரான யூரிபிடிஸின் மெடியா இருக்கிறாள். கி.மு. 431இல் அரங்கேறிய அந்நாடகத்தில், கணவனைப் பழிவாங்கத் தன் பிள்ளைகளையே கொல்லத் துணிந்தவள், அவர்களின் சிரிப்பைக் கண்டு முடிவைக் கைவிடுகிறாள், பகைவர் நகைப்பார்களே என்று மீண்டும் துணிகிறாள், மறுபடியும் தளர்கிறாள். இறுதியில், செய்யப்போவது எத்தகைய தீமை என்பதை அறிந்திருந்தும் தன் சினம் தன் யோசனைகளை வென்றுவிட்டது என்கிறாள். இந்தப் பேச்சு முன்னுக்குப் பின் முரணாக இருக்கிறது என்று சொல்லி, இதன் கடைசிப் பகுதி பிற்காலத்து இடைச்செருகலாக இருக்கலாம் என்று கருதிய அறிஞர்கள் உண்டு. தன் பிள்ளைகளைக் கொல்லத் துணியும் தாய் முரண்படாமல் எப்படிப் பேசுவாள் என்பதை அவர்கள்தான் விளக்க வேண்டும்.

உங்கள் பாடம் ஹாம்லெட்டாக இருந்தால், புகழ்பெற்ற தனிமொழிகளை ஒதுக்கிவைத்துவிட்டு மூன்றாம் அங்கத்தில், ஹாம்லெட்டின் தந்தையைக் கொன்று அரசனான சிற்றப்பன் கிளாடியஸ் மண்டியிட்டிருக்கும் காட்சியிலிருந்து தொடங்குங்கள். வழிபாட்டின்போது கொன்றால் அவன் சொர்க்கம் போய்விடுவான் என்று காரணம் சொல்லிக்கொண்டு ஹாம்லெட் வாளை உறையில் இடுகிறான். அவன் போனதும் கிளாடியஸ் எழுந்து, சொற்கள் மேலே பறக்கின்றன, எண்ணங்கள் கீழேயே கிடக்கின்றன என்கிறான். ஆக, ஹாம்லெட் அஞ்சிய வழிபாடு அங்கே நடக்கவே இல்லை. அவன் சொன்ன காரணத்தை அவனே நம்பினானா என்பதை விடைத்தாளில் விவாதியுங்கள். தேர்வாளர் ஒப்புக்கொள்வாரா என்பதற்கு நான் பொறுப்பில்லை.