கையை ஊன்றாமல் எழ முடிகிறதா? நாற்பதைக் கடந்த பெண்களின் கேள்விகளும் என் பதில்களும்

வந்த கேள்விகளில் ஒரே மாதிரி இருந்தவற்றைச் சேர்த்துவிட்டேன். நான் மருத்துவர் இல்லை. 15 வருடமாகப் பெண்களுக்கு உடற்பயிற்சி சொல்லித்தருகிறேன். வயது 52, மாதவிடாய் நின்று இரண்டு வருடம் ஆகிறது. அதனால் இதில் பாதி படித்தது, மீதி பட்டது.

அக்கா, எனக்கு 44 வயது. சாப்பாடு எப்போதும் போலத்தான். ஆனாலும் ஐந்து வருடத்தில் 6 கிலோ ஏறிவிட்டது. நாற்பதைத் தாண்டினால் மெட்டபாலிசம் படுத்துவிடும் என்கிறார்களே, உண்மையா?

எல்லோரும் அப்படித்தான் சொல்கிறார்கள். நானும் ரொம்ப நாள் அதையே நம்பினேன். 2021-ல் ‘சயின்ஸ்’ இதழில் ஓர் ஆய்வு வந்தது. 29 நாடுகளில் 6,400-க்கும் மேற்பட்டவர்களை வைத்துப் பார்த்திருக்கிறார்கள். உடலில் உள்ள கொழுப்பையும் மற்ற எடையையும் கணக்கில் எடுத்துக்கொண்டால், 20 வயதிலிருந்து 60 வரை உடல் எரிக்கும் சக்தி கிட்டத்தட்ட ஒரே அளவுதான். 60-க்குப் பிறகுதான் மெல்லக் குறைகிறது, அதுவும் வருடத்துக்கு ஒரு சதவீதத்துக்கும் குறைவாக.

சரி, அப்படியானால் எடை ஏன் ஏறுகிறது? முப்பதைத் தாண்டியதிலிருந்தே, பயன்படுத்தாத தசை கொஞ்சம் கொஞ்சமாகக் கரைகிறது. தசை குறைந்தால் செலவாகும் சக்தியும் குறையும். சாப்பாடு பழைய அளவிலேயே நின்றால் மிச்சம் சேரத்தானே செய்யும்? அப்புறம் நடமாட்டம். பத்து வருடத்துக்கு முன்னால் குழந்தையைத் தூக்கிக்கொண்டு மாடி ஏறி இறங்கினோம். இப்போது குழந்தையும் வளர்ந்துவிட்டது, நாமும் உட்கார்ந்துவிட்டோம். இதற்கு நடுவில் தூக்கமும் கெடுகிறது. வயதின் மேல் பழி போடுவது சுலபம். ஆனால் இந்த மூன்றும் ஓரளவாவது நம் கையில் இருப்பவை.

47 வயது. கை கால் எல்லாம் ஒல்லி, வயிறு மட்டும் முன்னால் வருகிறது. தினமும் 100 சிட்-அப் எடுக்கிறேன். குறையவே இல்லை.

குறையாது. சிட்-அப் வயிற்றுத் தசையைப் பலமாக்கும். அதன் மேல் இருக்கும் கொழுப்பை அந்த இடத்திலிருந்து மட்டும் எடுக்காது. எங்கே முதலில் கரைய வேண்டும் என்பதை உடம்புதான் தீர்மானிக்கிறது. இந்த வயதில் ஈஸ்ட்ரோஜன் என்ற பெண் ஹார்மோன் குறையக் குறைய, முன்பு தொடையிலும் இடுப்பிலும் சேர்ந்த கொழுப்பு வயிற்றுப் பக்கம் இடம் மாறுகிறது. அந்த 100-ஐ 20 ஆக்கிவிட்டு, மிச்ச நேரத்தில் கீழே நான் சொல்லும் பயிற்சிகளைச் செய்யுங்கள்.

எடை மெஷினை விட ஓர் அளவு டேப் உங்களுக்கு உபயோகம். கடைசி விலா எலும்புக்கும் இடுப்பு எலும்புக்கும் நடுவில் டேப்பைச் சுற்றி, மூச்சை வெளியே விட்டபின் அளவெடுங்கள். வயிற்றை எக்கக் கூடாது, யாரும் பார்க்கவில்லை. உங்கள் உயரத்தில் பாதிக்குள் இருந்தால் நல்லது.

வெயிட் தூக்கினால் கை ஆண்களைப் போலப் பெருத்துவிடாதா?

அவ்வளவு சுலபமாகப் பெருக்கும் என்றால் நான் இந்நேரம் வாசலில் நுழைய முடியாமல் நின்றிருப்பேன். தசையைப் பெருக்கும் ஆண் ஹார்மோனான டெஸ்டோஸ்டிரோன் நமக்கு அந்த அளவு கிடையாது. பயப்படாமல் தூக்குங்கள்.

51 வயது. வாழ்க்கையில் உடற்பயிற்சியே செய்ததில்லை. ஜிம்முக்குப் போகக் கூச்சம். எங்கே தொடங்குவது?

நாற்காலியில். கைப்பிடி இல்லாத, சக்கரம் இல்லாத நாற்காலியைச் சுவரை ஒட்டிப் போடுங்கள். நுனிக்கு நகர்ந்து உட்காருங்கள். பாதங்கள் இடுப்பகலத்தில், முட்டியைவிடக் கொஞ்சம் பின்னால் இருக்கட்டும். கைகளை மார்பில் குறுக்காகக் கட்டிக்கொண்டு, உடம்பை முன்னால் சாய்த்து எழுந்திருங்கள். இனிமேல்தான் முக்கியமான இடம்: உட்காரும்போது தொப்பென்று விழாமல், ஒன்று, இரண்டு, மூன்று என்று மனதில் எண்ணிக்கொண்டே மெல்ல இறங்க வேண்டும். தொடை நடுங்கினால் சரியாகச் செய்கிறீர்கள் என்று அர்த்தம். முட்டிகள் உள்பக்கம் ஒன்றையொன்று பார்த்துச் சாயாமல் கவனித்துக்கொள்ளுங்கள். பத்து முறை, ஒரு நிமிட ஓய்வு, மறுபடி பத்து.

இத்துடன் சுவரில் கை வைத்துத் தண்டால், மல்லாந்து படுத்து முட்டியை மடக்கி இடுப்பை உயர்த்துவது, கனமான பை ஒன்றைக் குனிந்தபடி விலா வரைக்கும் இழுப்பது. இந்த நான்கும் போதும். வாரத்தில் இரண்டு நாள், நடுவில் ஒரு நாளாவது இடைவெளி.

பலர் தவறவிடுவது அடுத்த படி. பத்து முறை எழுவது விளையாட்டாகிவிட்டால் அங்கேயே நிற்காதீர்கள். ஒரு லிட்டர் தண்ணீர் பாட்டிலை அணைத்துக்கொண்டு எழுங்கள், அது ஒரு கிலோ. பிறகு இரண்டு. தசைக்குக் கஷ்டம் கூடாவிட்டால் அது வளர வேண்டிய அவசியமே இல்லை. இரண்டு வருடமாக அதே 1 கிலோ டம்பெல்லைத் தூக்கிவிட்டு ஒன்றும் நடக்கவில்லை என்று வருகிறவர்களை நிறையப் பார்த்துவிட்டேன்.

உலக சுகாதார அமைப்பு 2020-ல் சொன்ன அளவு: வாரத்துக்கு 150 முதல் 300 நிமிடம் மிதமான பயிற்சி, கூடவே இரண்டு நாளாவது தசைப் பயிற்சி. மிதமானது என்றால், நடக்கும்போது பேச முடிய வேண்டும், பாட முடியக் கூடாது.

தினமும் 10,000 அடி நடந்தே ஆக வேண்டுமா? எனக்கு 6,000-க்கு மேல் போகவில்லை, குற்ற உணர்ச்சியாக இருக்கிறது.

அந்த எண் ஆராய்ச்சியில் பிறந்ததல்ல. 1965-ல் ஜப்பானில் விற்பனைக்கு வந்த ஓர் அடி எண்ணும் கருவியின் பெயரே ‘பத்தாயிரம் அடி மீட்டர்’. வயதான பெண்களை வைத்து 2019-ல் வெளியான ஆய்வில், நாளுக்கு 4,400 அடியிலேயே பலன் தெரிந்தது; சுமார் 7,500-க்கு மேல் பெரிதாகக் கூடவில்லை. உங்கள் 6,000-க்குக் குற்ற உணர்ச்சி தேவையில்லை.

இரவுச் சாப்பாட்டை நிறுத்திவிட்டேன், எடை நன்றாக இறங்குகிறது. ஆனால் மிகவும் சோர்வு. வயது 46.

இதை நானே செய்திருக்கிறேன், அதுவும் அடுத்தவர்களுக்குப் பயிற்சி சொல்லிக்கொண்டிருந்த காலத்தில். 45 வயதில் இரவுச் சாப்பாட்டை விட்டேன், காலையில் ஒரு மணி நேரம் ஓட்டம். நாலு மாதத்தில் 7 கிலோ. பார்த்தவர்கள் எல்லாம் மெச்சினார்கள். ஒருநாள் ஒரு பாட்டில் மூடியைத் திறக்க முடியாமல், 11 வயது மகனிடம் நீட்டினேன். அவன் ஒரே திருகில் திறந்துவிட்டு, ஒன்றும் சொல்லாமல் போய்விட்டான். இறங்கிய 7 கிலோவில் கொழுப்பு எவ்வளவு, தசை எவ்வளவு என்று அன்றைக்குத்தான் யோசித்தேன். பட்டினியை விட்டதும் எடை திரும்பியது, தசை அவ்வளவு சுலபத்தில் திரும்பவில்லை.

ஒரு வேளையைத் தவிர்ப்பதே தப்பு என்று சொல்ல மாட்டேன். சிலருக்கு அது ஒத்துப்போகிறது. ஆனால் அந்த வேளையோடு போன புரதத்தை மற்ற இரண்டு வேளைகளில் ஈடுகட்ட வேண்டும். எடை குறைக்கும்போது, உடல் எடையில் கிலோவுக்கு 1 முதல் 1.2 கிராமாவது புரதம் வேண்டும். 60 கிலோ இருப்பவருக்கு 60 முதல் 72 கிராம். ஒரு முட்டையில் 6 கிராம்தான் இருக்கிறது என்று நினைத்துப் பார்த்தால், நாம் எவ்வளவு குறைவாகச் சாப்பிடுகிறோம் என்பது புரியும். முட்டை, மீன், தயிர், பயறு எதுவானாலும் சரி, மூன்று வேளை சாப்பிட்டால் வேளைக்கு 20 கிராமுக்கும், இரண்டே வேளை என்றால் 30 கிராமுக்கும் குறையாமல் பாருங்கள். சிறுநீரகக் கோளாறு இருப்பவர்கள் மட்டும் மருத்துவரைக் கேட்காமல் கூட்ட வேண்டாம்.

தைராய்டு இருக்கிறது. அதனால்தான் எனக்கு 20 கிலோ கூடிவிட்டது, இல்லையா?

முழுவதும் அதனால் இருக்காது. தைராய்டு குறைவினால் மட்டும் ஏறுவது பெரும்பாலும் 2 முதல் 5 கிலோவுக்குள்தான், அதிலும் நிறைய உப்பும் நீரும். தைராய்டு மாத்திரையை வெறும் வயிற்றில் போடுங்கள், கால்சியம், இரும்புச்சத்து மாத்திரைகளை 4 மணி நேரம் தள்ளிப் போடுங்கள். சேர்த்துப் போட்டால் தைராய்டு மாத்திரை சரியாக உறிஞ்சப்படாது.

முட்டி வலி. நடந்தாலே வலிக்கிறவள் எப்படி எடையைக் குறைப்பது? வயது 55.

முட்டியில் தேய்மானம் உள்ளவர்களிடம் செய்த ஆய்வு ஒன்றில், எடையில் ஒரு கிலோ குறைந்தால் ஒவ்வோர் அடியிலும் முட்டி மீதான சுமை ஏறக்குறைய 4 கிலோ குறைந்தது. ஆகவே 3 கிலோ இறங்கினாலே முட்டிக்குத் தெரியும். நீச்சல், சைக்கிள் இரண்டும் முட்டிக்கு இதம். நாற்காலிப் பயிற்சியில் மெத்தையைப் போட்டு உயரத்தைக் கூட்டிக்கொள்ளுங்கள். வீக்கமோ, முட்டி பூட்டிக்கொள்வதோ இருந்தால் முதலில் காட்டிவிட்டு வாருங்கள்.

கேட்கவே கூச்சமாக இருக்கிறது. குதித்தாலோ தும்மினாலோ சிறுநீர் கசிகிறது. அதனால் பயிற்சி வகுப்பையே விட்டுவிட்டேன்.

கேட்டது நல்லதாகப் போயிற்று. என் வகுப்பில் நான் இந்தப் பேச்சை எடுத்தால், முதலில் அமைதி, அப்புறம் ஒவ்வொருவராகத் தலையாட்டுவார்கள். சிறுநீர்ப்பையையும் கருப்பையையும் கீழிருந்து தாங்கும் இடுப்புத் தளத் தசைகள் தளர்ந்ததால் வருவது. வாயுவை அடக்குவது போல அந்தத் தசையை உள்ளே, மேலே இழுத்துச் சில நொடி பிடித்து, முழுசாக விடுங்கள். எட்டு முறை, நாளுக்கு மூன்று வேளை, மூன்று மாதம். மூச்சைப் பிடிக்காதீர்கள், பிட்டத்தை இறுக்காதீர்கள். அதுவரை குதிப்பதை மட்டும் நிறுத்துங்கள், வகுப்பை நிறுத்த வேண்டாம். மாற்றமில்லை என்றால் இதற்கென்றே பயிற்சி பெற்ற பிசியோதெரபிஸ்டுகள் இருக்கிறார்கள்.

எடை குறைக்கும் ஊசி போட்டுக்கொள்ளலாமா?

அது உங்கள் மருத்துவர் சொல்ல வேண்டியது. எனக்குத் தெரிந்ததைச் சொல்கிறேன்: எடை குறைகிறது, அது நிஜம். குறைவதில் ஒரு பகுதி தசை, அதுவும் நிஜம். அந்த ஊசி மருந்துகளில் ஒன்றான செமாக்ளூடைடை நிறுத்திய ஒரு வருடத்தில், இறங்கிய எடையில் மூன்றில் இரண்டு பங்கு திரும்பி வந்ததாக ஓர் ஆய்வு காட்டியது. போட்டுக்கொண்டால் தசைப் பயிற்சியையும் புரதத்தையும் இரண்டு மடங்கு கவனியுங்கள். முயற்சியே செய்யாமல் எடை இறங்கினாலோ, மாதவிடாய் நின்று ஒரு வருடம் கழித்து ரத்தம் பட்டாலோ, மகிழவும் வேண்டாம், தள்ளிப்போடவும் வேண்டாம். உடனே காட்டுங்கள்.

எனக்கு 71 வயது. நாற்பது தாண்டியவர்களுக்கு என்று போட்டிருக்கிறீர்கள், என்னையும் சேர்த்துக்கொள்வீர்களா?

வாங்கம்மா. 1990-ல் வெளிவந்த ஓர் ஆய்வில் முதியோர் இல்லத்தில் இருந்த, 90 வயதை ஒட்டியவர்களுக்கு எட்டு வாரம் தசைப் பயிற்சி கொடுத்தார்கள். கால் பலம் சராசரியாக 174 சதவீதம் கூடியது. நீங்கள் அவர்களுக்குச் சின்னவர். ரத்த அழுத்தத்துக்கு மாத்திரை எடுப்பதாக எழுதியிருக்கிறீர்கள். அதனால் மருத்துவரிடம் ஒரு வார்த்தை கேட்டுவிட்டு, பக்கத்தில் யாராவது நிற்கும்போது தொடங்குங்கள். உங்களுக்கு மட்டும் கைப்பிடி வைத்த நாற்காலி. முதல் வாரம் பிடித்துக்கொண்டே எழுங்கள், ஐந்து முறை போதும். கையை எடுத்துவிட்டு முதல் தடவை எழுந்த அன்றைக்கு எனக்கு எழுதுங்கள்.