பென்சில் முனையும் பெரிய காந்தமும்

கே: காந்தப்புலத்தில் வைத்தால் பென்சில் முனையில் இருக்கும் கிராஃபைட்டின் மின்தடை கிடுகிடுவென ஏறுமாமே? தாமிரம் அப்படிச் செய்வதில்லையே, ஏன்?

ப: தாமிரத்தில் ஓடுவது எலக்ட்ரான்கள். காந்தப்புலம் அவற்றை ஒரு பக்கமாகத் தள்ளும், அந்த ஓரத்தில் மின்னூட்டம் சேரும், அந்தச் சேர்மானமே அடுத்து வருபவற்றை நேர்வழிக்குத் திருப்பிவிடும். அதனால் மின்தடை பெரிதாக மாறாது. கிராஃபைட்டில் எலக்ட்ரான்களும் நேர்மின் துளைகளும் (எலக்ட்ரான் இல்லாத காலியிடங்கள், நேர்மின்னூட்டம்போல நடந்துகொள்பவை) கிட்டத்தட்ட சம எண்ணிக்கை. இரண்டும் எதிரெதிராக ஓடினாலும் காந்தம் இரண்டையும் ஒரே ஓரத்துக்குத்தான் தள்ளுகிறது (நம்பக் கஷ்டமாக இருந்தால் காந்தவிசையின் விதியைப் போட்டுப் பாருங்கள்), அங்கே போய் ஒன்றையொன்று ஈடுகட்டிவிடுகின்றன. திருப்பிவிட யாருமில்லை, வளைவு தொடர்கிறது, தடை ஏறுகிறது. குளிர்வித்தால் இன்னும் அதிகம், ஏனென்றால் அப்போது அவை மோதாமல் நெடுந்தூரம் ஓடும்.

ஆனால் எனக்குப் பிடித்தது இதற்கு அப்புறம் நடப்பது. கிராஃபைட்டில் பத்தாயிரக்கணக்கான அணுக்களுக்கு ஒரு எலக்ட்ரான்தான் மின்சாரம் சுமக்க வருகிறது. பலமான புலத்தில் எலக்ட்ரான்களின் ஆற்றல் தனித்தனிப் படிகளாகப் பிரியும். புலம் கூடக்கூட மேல் படிகள் ஒவ்வொன்றாகக் காலியாகும், ஒவ்வொரு முறையும் மின்தடை ஒரு ஆட்டம் ஆடும். கூட்டம் குறைவு என்பதால் கிராஃபைட்டின் அணு அடுக்குகளுக்குச் செங்குத்தாக சுமார் 7.5 டெஸ்லா (காந்தப்புலத்தின் அலகு) கொடுத்தாலே எல்லாம் கடைசிப் படிகளில் ஒடுங்கிவிடுகின்றன. தாமிரத்தில் இதைச் செய்ய பல்லாயிரம் டெஸ்லா வேண்டும். அதற்குக் காந்தமே கிடையாது.

சரி, கடைசிப் படிக்கு வந்தாயிற்று, இனி என்ன இருக்கிறது என்று நினைத்தவர்களுக்கு 1980களின் தொடக்கத்தில் ஜப்பானிய ஆய்வாளர்கள் ஒரு அதிர்ச்சி கொடுத்தார்கள். சில கெல்வின் குளிரில் (அதாவது தனிச்சுழி வெப்பநிலைக்குச் சில டிகிரி மேலே) 25 டெஸ்லாவை ஒட்டி மின்தடை சட்டென்று எகிறியது. எலக்ட்ரான்கள் தங்களுக்குள் விலக்கிக்கொண்டு, புலத்தின் திசையில் அலைபோல அணிவகுப்பதாக யோஷியோகா, ஃபுகுயாமா என்ற இயற்பியலாளர்கள் 1981-லேயே விளக்கம் சொன்னார்கள். 53 டெஸ்லா அருகே அந்த நிலை மறைகிறது. கதை அத்தோடு முடிந்தது என்று பார்த்தால், அதற்கும் மேலே 75 டெஸ்லா வரை இன்னொரு நிலை இருப்பதை 2013-ல் கண்டார்கள்.

கே: பென்சில் முனையில் இதைப் பார்க்க முடியுமா?

ப: முடியாது. அதில் களிமண் கலந்திருக்கிறது, கிராஃபைட் துகள்களும் கண்டபடி திரும்பிக் கிடக்கின்றன. அடுக்குகள் ஒரே வாக்கில் அமைந்த சுத்தமான படிகம் வேண்டும்.